வாயை மூடிக்கினு போட்ட சத்தம்

வாயைத் திறக்காமலே சத்தம் போடலாம்னு எனக்குக் காட்டினது எங்க ஒன்பதாம் வகுப்புதான். உதட்டை ஒட்டி வெச்சிக்கினு, கண்ணைப் பொஸ்தகத்துல வெச்சிக்கினு, தொண்டையில இருந்து ‘ம்ம்ம்ம்’னு இழுக்கணும். ஒருத்தி பண்ணா யாருன்னு தெரிஞ்சிடும். வகுப்பே சேந்து பண்ணா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. டீச்சர் முன் பெஞ்சுக்கிட்ட வந்தா முன் பெஞ்சு அடங்கிடும், பின்னாடி கேக்கும். பின்னாடி போனா முன்னாடி கேக்கும். ஒவ்வொரு மொகத்துலயும் பால் வடியும். நான் எழுந்து நிக்கிறப்ப மட்டும்தான் அந்தச் சத்தம் வரும்.

நான் மலையில வளந்தவ. மலைக்காரங்க இல்ல நாங்க. எங்க அப்பாவுக்கு மணலூர்பேட்டை பக்கம்தான் சொந்த ஊரு. அண்ணன் தம்பிங்க நெலத்தைப் பிரிக்கிறப்ப சண்டை வந்து, கோவிச்சிக்கினு கல்வராயன் மலைக்கு ஏறி வெள்ளிமலையில ஒரு கடையப் போட்டுட்டாரு. உப்பு, தீப்பெட்டி, சீமெண்ணெய், கருவாடு, புகையிலன்னு எல்லாம் இருக்கும். எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து அந்தக் குளிரும் அந்தக் கடையும்தான். எட்டாவது வரைக்கும் மேலயே படிச்சிட்டேன். அதுக்கு மேல படிக்கணும்னா கீழ எறங்கணும். கள்ளக்குறிச்சியை ஒட்டி இருந்த ஒரு ஊர்ல எங்க மாமா வூடு, அம்மாவோட தம்பி. அங்க தங்கிக்கினு டவுன்ல இருந்த பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிடலாம்னு பேசி முடிச்சி என்னை எறக்கி உட்டாங்க.

மொத நாளு வகுப்பு டீச்சர் எந்த ஊருன்னு கேட்டாங்க. அவங்கதான் தமிழும் எடுப்பாங்க, தமிழம்மான்னு கூப்புடுவோம். நான் வெள்ளிமலைன்னு சொன்னேன். மலையில பேசுறவங்க கூடவே இருந்ததால எனக்கும் வார்த்தையக் கொஞ்சம் இழுத்துப் பேசுற பழக்கம். ரெண்டு மூணு பேரு களுக்குன்னு சிரிச்சாங்க. அதோட போச்சுன்னுதான் நெனச்சேன்.

மறுநாள் பாடம் படிக்கச் சொல்லி என்னை எழுப்பினாங்க. நான் வயசுக்கு மீறின உயரம். அந்தப் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவுல முட்டி மாட்டிக்கும், மெதுவாத்தான் எழுந்திருக்க வரும். அப்பதான் ரெண்டாவது பெஞ்சுல இருந்த மில்லுக்காரர் பொண்ணு மலை பஸ்ஸு மாதிரி சத்தம் போட்டா. கச்சிராயபாளையம் தாண்டி மலையில ஏறுறப்ப பஸ்ஸு மொத கியர்ல முக்கும் பாருங்க, அந்த முக்கல். வளைவுல கொஞ்சம் தொங்கிப் போயி மறுபடி தூக்கும், அதையும் விடாம பண்ணா. உண்மையச் சொன்னா நல்லாவே பண்ணா. நானே சிரிச்சிட்டேன்.

ஒரு வாரத்துல வகுப்பு மொத்தமும் கத்துக்கிச்சு. நான் எழுந்தா பஸ்ஸு ஏறும், உக்காந்தா நிக்கும். தண்ணி குடிக்கப் போகவான்னு கேக்க எழுந்தா ஏறும். போர்டுல எழுதக் கூப்பிட்டா, நான் நடந்து போயி திரும்பி வர்ற வரைக்கும் ஏறிக்கினே இருக்கும். ஒரு மாசத்துல தாகமெடுத்தாக்கூட எழுந்திருக்காம உக்காந்திருக்கப் பழகிட்டேன்.

இந்த விஷயத்தைச் சொல்றப்பல்லாம் கேக்கறவங்க ஒரே மாதிரிதான் கேப்பாங்க, அந்த மில்லுக்காரர் பொண்ணு ஏன் அப்படிப் பண்ணா, அவளுக்கு உன்மேல இன்னா கோவம்னு. எனக்கு வரும் பாருங்க மூக்குக்கு மேல. அவளுக்கு என்மேல ஒரு கோவமும் இல்ல. வாயாடி, வேடிக்கை பண்றவ, அவ்வளவுதான். அவ ஒருத்தி பண்ணா அது கொசு சத்தம். கொசுவ நான் அடிச்சிட்டுப் போயிருப்பேன். அதைப் பஸ்ஸாக்கினது மத்தவங்க. அவங்களும் கெட்டவங்க இல்ல, அதான் எரிச்சலே. மத்தியானம் சோறு திங்கறப்ப வடு மாங்கா குடுப்பாங்க. தலை வாரி உடுவாங்க. பேனாவுல மை தீந்தா ரெண்டு சொட்டு ஊத்துவாங்க. மணி அடிச்சி உள்ள போனதும் வாயை மூடிக்குவாங்க.

என் பக்கத்துல உக்காந்திருந்தவ கடைத்தெருவுல பாத்திரக் கடை வெச்சிருந்த பாய் வூட்டுப் பொண்ணு. எனக்கு அந்த வகுப்புல சிநேகிதின்னு சொல்லிக்க அவ ஒருத்திதான். சத்தம் கெளம்பினதும் டெஸ்க்குக்கு அடியில என் கையைப் புடிச்சிக்குவா. கெட்டியா, வேர்க்க வேர்க்கப் புடிச்சிக்குவா. அப்படியே புடிச்சிக்கினு அவளும் ‘ம்ம்ம்’னு இழுப்பா. அவ தொண்டை அதிர்றது அவ கை வழியா எனக்குத் தெரியும்.

தமிழம்மா நல்ல டீச்சர். பாட்டு சொல்லிக் குடுத்தாங்கன்னா ஒரு தடவையில மனசுல நின்னுடும். ஆனா எதுலயும் ஒரு அவசரம். வருகை எடுக்கிறப்ப தலையத் தூக்கவே மாட்டாங்க. நம்பரைக் கூப்புடுவாங்க, ‘உள்ளேன் அம்மா’ன்னு குரல் வந்தா ஒரு கோடு, வரலன்னா ஆப்சென்ட். காதாலயே எண்ணி முடிச்சிட்டு நேரா பாடத்துக்குப் போயிடுவாங்க. ஒரு நொடிதான் காத்திருப்பாங்க. முப்பத்தி ஒண்ணுன்னு என் நம்பரைக் கூப்பிடுவாங்க, நான் எழுந்து ‘உள்ளேன் அம்மா’ம்பேன், அதுக்குள்ள பஸ்ஸு ஏறிடும். என் குரல் எனக்கே கேக்காது. பேனா நகந்துடும்.

மொத தடவை ஓடிப் போயி ஆசிரியர் அறையில சொன்னேன். “வந்திருக்கேம்மா, ஆப்சென்ட் போட்டுட்டீங்க.”

“வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? சத்தமா சொல்லணும்.”

“சத்தம் போடறாங்கம்மா.”

“யாரு?”

மறுநாள் வகுப்புல வந்து கேட்டாங்க, யாரு சத்தம் போடறதுன்னு. எல்லாரும் ஓடாத ஃபேனைப் பாத்தாங்க. என் பக்கத்துல இருந்தவ நகத்தைப் பாத்துக்கினா. “நீ எழுந்தாத்தான சத்தமே வருது, நீதான் ஏதோ சேட்டை பண்ற”ன்னு எனக்குத்தான் திட்டு உழுந்துச்சு. அதுக்கப்புறம் பாடம் படிக்க என்னை எழுப்புறதையே உட்டுட்டாங்க. வருகைக்கு நான் கத்திப் பாத்தேன். நான் கத்துனா அவங்க இன்னும் தூக்குவாங்க. ஒரு கட்டத்துல சரி போ, நான் இங்கதான உக்காந்திருக்கேன், கோடு உழுந்தா இன்னா உழாட்டி இன்னான்னு உட்டுட்டேன். சில நாளு அந்த எரைச்சலையும் தாண்டி என் குரல் அவங்க காதுல உழும். பல நாளு உழாது.

ஒரு சாயந்திரம் மாமா வெத்தல வாங்க மார்க்கெட்டுக்குப் போனப்ப தமிழம்மாவைப் பாத்திருக்காரு. அவங்க நல்ல மனசோடதான் கேட்டிருக்காங்க, “உங்க அக்கா பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லீங்களா, ரொம்ப லீவு போடுதே”ன்னு.

மாமா அதைக் கேட்டுக்கினு வூட்டுக்கு வந்தாரு. எங்க மாமா கத்துற ஆளு இல்ல. அன்னிக்கும் கத்தல. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, “நீ காலையில பையத் தூக்கிக்கினு எங்க போற புள்ள?”ன்னாரு.

எனக்குப் புரியல. “ஸ்கூலுக்கு.”

“டீச்சரு வரலங்கறாங்களே.”

அத்தை அடுப்பங்கரையில இருந்து எட்டிப் பாத்தாங்க. அவங்க மொகத்தைப் பாத்ததும்தான் எனக்கு வெளங்குச்சு. பதினாலு வயசுப் பொண்ணு, தெனம் தலை வாரி, ரிப்பன் கட்டி, பையோட கெளம்புது, ஆனா பள்ளிக்கூடத்துக்குப் போறதில்ல. அப்ப எங்க போவுது, யாரு கூட போவுது. எங்க பக்கத்துல இதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எல்லாரும் வாயை மூடிக்கினு சத்தம் போடறாங்க, என் குரல் டீச்சர் காதுல உழல, அதனால ஆப்சென்ட் உழுதுன்னு. சொல்றப்பவே எனக்கே அது பொய் மாதிரி இருந்துச்சு.

“எனக்குக் காது குத்தறியா?”ன்னு கேட்டாரு மாமா. “வாயை மூடிக்கினா சத்தம் எப்படி வரும்?”

நான் பண்ணிக் காட்டினேன். ஒருத்தி பண்ணா அது கொசு சத்தம்னு முன்னாடியே சொன்னேன் இல்ல. மாமா அத்தையைப் பாத்தாரு, அத்தை மாமாவைப் பாத்தாங்க. அதோட என் பேச்சு எடுபடல.

மறுநாளே மலைக்குப் போற பஸ்ஸு கண்டக்டர்கிட்ட சொல்லி உட்டாரு மாமா. பொறுப்பை எங்களால ஏத்துக்க முடியாது, அப்பா வந்து பொண்ணைக் கூட்டிக்கினு போகட்டும்னு சேதி. சாயந்திர பஸ்ஸுலயே பதில் வந்துடுச்சு. வியாழக்கெழம அப்பா வர்றாரு, பள்ளிக்கூடத்துல சொல்லி டி.சி. வாங்கிட்டு அப்படியே கூட்டிக்கினு போறாரு. அத்தை வேற, ரிஷிவந்தியம் பக்கம் ஒரு நல்ல எடம் இருக்கு, பையன் டிராக்டர் வெச்சிருக்கான்னு ஆரம்பிச்சிட்டாங்க. மேல போனா படிப்பு கெடையாது. கடையில உக்காந்து கருவாடு நிறுக்கணும், இல்ல அந்த டிராக்டர். எனக்குப் படிக்கணும். இன்னா ஆகணும்னெல்லாம் அப்பத் தெரியாது. படிக்கணும், அவ்வளவுதான். அழுது அழுது மொகம் வீங்கிப் போச்சு.

புதன்கெழம காலையில கண்ணு முழிச்சா ரோட்டுல ஒரு வண்டிச் சத்தமும் இல்ல.

அந்த வருஷம்தான் எங்க ஜில்லா பூராவும் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். படிப்புலயும் வேலையிலயும் எங்க சனத்துக்குத் தனியா பங்கு வேணும்னு கேட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கால போட்டாங்க. பாலத்துக்குப் பக்கத்துல ரோட்டையே வெட்டிட்டாங்கன்னு சொன்னாங்க. பஸ்ஸு எங்க நின்னுச்சோ அங்கயே நின்னுடுச்சு. போலீஸ் லாரி மட்டும் மரத்தைச் சுத்திக்கினு வயலுக்குள்ள எறங்கி ஏறிப் போகும். கடைங்க அரைக் கதவு தொறந்திருக்கும், லாரி சத்தம் கேட்டா அதுவும் மூடிக்கும். எங்கியோ சுட்டுட்டாங்களாம்னு பேசிக்கினாங்க. எங்க தெருவுலயே ஆம்பளைங்க பாதிப் பேரு வூட்ல இல்ல. அவங்கவங்க வூட்டுப் பொம்பளைங்க வாசல்ல நின்னுக்கினு ரோட்டைப் பாத்துக்கினு கெடந்தாங்க.

ஊரே வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கு, எனக்கு மட்டும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்பாவால எறங்க முடியாது. மலைப்பாதையிலயும் மரம் கெடக்குதுன்னு சேதி. வியாழக்கெழம வரும், போகும், அப்பா வர மாட்டாரு. இதை யாருகிட்ட சொல்ல முடியும். அத்தை முன்னாடி மொகத்தை ரொம்ப வருத்தமா வெச்சிக்கினேன்.

பள்ளிக்கூடம் லீவுன்னு யாரும் சொல்லல. நடந்து போற தூரத்துல இருக்கறவங்க போகலாம்னு பேச்சு. மாமாவும் தலையாட்டினாரு. எப்படியும் நிக்கப் போற பொண்ணுதானன்னு நெனச்சிருப்பாரு.

எங்க வகுப்புல பாதிக்கு மேல பஸ்ஸுல வர்ற பொண்ணுங்க. வடக்கனந்தல், தியாகதுருகம், சங்கராபுரம்னு நாலா பக்கமும் இருந்து வருவாங்க. டவுன்ல இருக்கிற பொண்ணுங்களையும் பயந்துக்கினு வூட்ல நிறுத்திட்டாங்க. அன்னிக்கு வந்தது ஏழே பேரு. பாத்திரக்கடைப் பொண்ணு வந்திருந்தா, கடை மூடிக் கெடந்ததால அவங்க அத்தா கொண்டாந்து உட்டாரு. மில்லுக்காரர் பொண்ணும் வந்திருந்தா. மிச்ச நாலு பேரும் பக்கத்துத் தெரு. தமிழம்மா வூடும் டவுன்லதான், நடந்தே வந்துட்டாங்க. ஏழு பேரும் முன்னாடி வந்து உக்காருங்கன்னாங்க. அவ்வளவு பெரிய அறையில எங்க மூச்சு விடற சத்தமே கேட்டுச்சு.

தமிழம்மா எப்பவும் போல தலையக் குனிஞ்சிக்கினு நம்பரைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒருத்தரும் இல்ல. எட்டுக்கு ஒரு குரல். மறுபடி ஒண்ணுமில்ல. முப்பத்தி ஒண்ணு வந்துச்சு. நான் எழுந்தேன்.

மில்லுக்காரர் பொண்ணு பழக்க தோஷத்துல ஆரம்பிச்சிட்டா. ‘ம்ம்ம்’. தனியா, சன்னமா, மூக்கு அடைச்ச கன்னுக்குட்டி மாதிரி வந்துச்சு. யாரும் சேந்துக்கல. அஞ்சு தலையும் அவ பக்கம் திரும்புச்சு. அவ நிறுத்தவும் முடியாம இழுக்கவும் முடியாம பாதியில மாட்டிக்கினா.

பாத்திரக்கடைப் பொண்ணு மெதுவா அவளைப் பாத்து, “பஸ்ஸுதான் ஓடலியே, நீ மட்டும் இன்னாத்த ஓட்டிக்கினு கீற?”ன்னா.

சிரிச்சோம் பாருங்க, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிச்சோம். விடிஞ்சதுல இருந்து வூட்டுக்கு வூடு பயந்துக்கினு கெடந்த பொண்ணுங்க நாங்க, அந்தப் பயமெல்லாம் சேந்து சிரிப்பா வந்துடுச்சு. மில்லுக்காரர் பொண்ணு காது வரைக்கும் செவந்துட்டா, கடைசியில அவளும் சிரிச்சிட்டா. தமிழம்மா வாய்க்குள்ளயே சிரிச்சதை நான் பாத்தேன். அந்தச் சிரிப்பு அடங்கினதும் நான் ‘உள்ளேன் அம்மா’ன்னேன். அந்த அறையில என் குரல் முழுசா எனக்குக் கேட்டது அன்னிக்குத்தான். கணீர்னு இருந்துச்சு. எனக்கே ஆச்சரியம், இவ்வளவு நல்ல குரலா நமக்குன்னு.

தொடர்ந்து நாலஞ்சு நாளு அப்படியே போச்சு. ஆளு கம்மி, அதனால பாடமும் சாவகாசம். தமிழம்மா என்னைத்தான் படிக்கச் சொன்னாங்க, ஒரு பாடத்தை முழுசா. ஆப்சென்ட் பேச்சை மட்டும் நான் எடுக்கல, போன தடவை வாங்கின திட்டே போதும்னு இருந்துச்சு. மத்தியானம் ஏழு பேரும் ஒண்ணா உக்காந்து சோத்தைப் பிரிச்சித் தின்னோம். ஒருத்தியோட அண்ணனைப் போலீஸு புடிச்சிக்கினு போயிட்டாங்க, அவளுக்குச் சோறே எறங்கல. மில்லுக்காரர் பொண்ணுதான் அவளுக்கு ஊட்டி உட்டா. மில்லு ஓடல, அவங்கப்பா வாசலுக்கே வர்றதில்ல, யாராவது கல்லு உட்டுடுவாங்களோன்னு வூட்ல எல்லாரும் கொல்லப்பக்கத்துலயே இருக்காங்கன்னு அவளும் சொன்னா. என்கிட்ட அவ மன்னிப்பெல்லாம் கேக்கல. மலையில பலா மரம் வூட்டுக்கு வூடு இருக்குமான்னு கேட்டா. இருக்கும்னு சொன்னேன்.

எனக்கு அவமேல கோவம் வடிஞ்சி போச்சு. பாத்திரக்கடைப் பொண்ணு மேலதான் வடியல. ஒரு நாளு தண்ணித் தொட்டிகிட்ட அவளை நிறுத்திக் கேட்டுட்டேன்.

“ஒரு வார்த்தை போதுமாடி? ஒரே ஒரு வார்த்தையில நிறுத்திட்டியே, இத்தினி மாசம் அதைச் சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?”

அவ தொட்டித் தண்ணியில கையக் கழுவினா. அப்புறம், “நான் நிறுத்தினா அடுத்தது என்னை ஆரம்பிப்பாங்க. எனக்கு வைக்கிறதுக்குப் பேரா இல்ல”ன்னா.

“அப்ப கையை ஏன் புடிச்சிக்கினே?”

“எனக்கு இது புடிக்கலன்னு உனக்காவது தெரியட்டும்னுதான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. “எனக்குத் தெரிஞ்சி இன்னாடி பிரயோசனம்? டீச்சருக்கில்ல தெரியணும். எங்க மாமாவுக்கில்ல தெரியணும். எங்க அப்பா வந்து என்னைக் கூட்டிக்கினு போகப் போறாருடி. நான் ஸ்கூலுக்கே வரலன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. ரோடு தொறந்தா வந்துடுவாரு.”

அது வரைக்கும் அவளுக்கு அது தெரியாது. நான் யாருகிட்டயும் சொல்லல, சொல்றதுக்கே கூச்சமா இருந்துச்சு. அவ மொகம் வெளுத்துப் போச்சு. “ஆப்சென்ட்டு உழுதுன்னு தெரியும். நீ போயி டீச்சர்கிட்ட சரி பண்ணிக்கிறியாக்கும்னு நெனச்சேன்”னா. எப்படிச் சரி பண்றது, சொல்லுங்க. நான் உள்ள போயிட்டேன்.

ரோடு தொறந்துடுச்சு. மரங்களை இழுத்து ஓரத்துல போட்டாங்க. மொத பஸ்ஸு வந்தப்ப தெருப்புள்ளைங்கல்லாம் ஓடிப் போயி கை தட்டுச்சுங்க. ஊருக்கே நிம்மதி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரெண்டாம் நாளு காலையில அப்பா வந்து எறங்கிட்டாரு. தோள்ல ஒரு தகரப் பொட்டி, என் துணிமணிய வெச்சிக் கொண்டு போறதுக்கு. என்னைப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. அவரு கேட்டிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

“நீ போ, கடைசியா ஒரு தடவை உக்காந்துட்டு வா”ன்னாரு. “நாங்க பின்னாடி வர்றோம்.”

வகுப்பு நெறைஞ்சி கெடந்துச்சு. எல்லாப் பஸ்ஸுப் பொண்ணுங்களும் வந்துட்டாங்க, எங்க ஊர்ல எத்தினி மரம் வெட்டினாங்க, உங்க ஊர்ல எத்தினி மரம்னு ஒரே கூச்சல். தமிழம்மா வந்ததும் அடங்குச்சு. அந்த நேரம் பாத்து அப்பாவும் மாமாவும் தாழ்வாரத்துல வந்து நின்னாங்க. பொட்டி அப்பா தோள்லயே இருந்துச்சு. தமிழம்மா வெளிய போயி ஏதோ பேசிட்டு, “இருங்க, வருகை எடுத்து முடிச்சிட்டு வந்துடறேன்”னு சொல்லிட்டு உள்ள வந்தாங்க. மாமா கதவுகிட்ட நின்னுக்கினு உள்ளயே பாத்துக்கினு இருந்தாரு.

நம்பர் ஓடுச்சு. இந்தத் தடவை எல்லா நம்பருக்கும் குரல் வந்துச்சு. முப்பத்தி ஒண்ணுன்னாங்க. நான் எழுந்தேன். பின்னாடி இருந்து சத்தம் கெளம்புச்சு. அந்தப் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் தெரியாது பாவம், போராட்டத்துக்கு முன்னாடி எங்க உட்டாங்களோ அங்கிருந்து ஆரம்பிச்சாங்க. இத்தினி நாளு கழிச்சின்றதால நல்ல உற்சாகமாவே வந்துச்சு. ‘உள்ளேன் அம்மா’ன்னேன். உதடு அசைஞ்சது தெரியும், குரல் எங்க போச்சோ. வாசல்ல மாமா புருவத்தைச் சுருக்கிக்கினாரு. தமிழம்மா தலையத் தூக்கல. பேனா நகரப் போவுது.

என் பக்கத்துல பெஞ்சு கிறீச்சுனுச்சு. பாத்திரக்கடைப் பொண்ணு எழுந்து நின்னுட்டா.

“முப்பத்தி ஒண்ணு உள்ளேன் அம்மா”ன்னு கத்தினா.

சாதாரண கத்தல் இல்ல, அவங்க கடையில பித்தளக் குடம் உருண்டா எப்படி இருக்குமோ அப்படி. தமிழம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தலை மேல வந்துச்சு. அதுக்குள்ள அந்தப் பக்கம் அண்ணனைப் போலீஸு புடிச்சிக்கினு போன பொண்ணு எழுந்தா, “முப்பத்தி ஒண்ணு உள்ளேன் அம்மா.” இன்னொருத்தி எழுந்தா. அந்த ஏழு பேருல மிச்சம் இருந்தவங்களும் அங்கங்க எழுந்துட்டாங்க. மில்லுக்காரர் பொண்ணு மட்டும் எழுந்திருக்கல. ஆனா அவ வாயும் மூடி இல்ல, லேசா தொறந்துதான் இருந்துச்சு. சத்தம் பெஞ்சு பெஞ்சா கொறைஞ்சிக்கினே போயி நின்னுடுச்சு.

“ஒரு நம்பருக்கு இத்தினி பேரா?”ன்னாங்க தமிழம்மா. “இன்னா இது?”

பாத்திரக்கடைப் பொண்ணு உக்காரல. அவதான் பேசினா. “அவ ஒரு நாளும் லீவு போட்டதில்லம்மா. தெனம் வந்தா. அவ எழுந்ததும் நாங்க சத்தம் போடுவோம், அதனால உங்களுக்கு அவ குரல் கேக்காது. நீங்க ஆப்சென்ட் போட்டுடுவீங்க.”

“யாரு யாரு போட்டீங்க?”

“எல்லாரும்தாம்மா. நானும் போட்டேன்.”

ஒருத்தியும் இல்லன்னு சொல்லல. இந்தத் தடவை ஃபேனையும் யாரும் பாக்கல. தமிழம்மா என்னைப் பாத்தாங்க. ஒரு வருஷத்துல பாதி போனப்புறம்தான் அந்த டீச்சர் வருகை எடுக்கிறப்ப தலையத் தூக்கி என் மொகத்தைப் பாத்தாங்கன்னு சொன்னா நம்பணும். பேனாவை மூடி வெச்சிட்டு எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாங்க. அவங்க அப்பாகிட்ட சொன்னது வகுப்பு மொத்தத்துக்கும் கேட்டுச்சு.

“பொண்ணு ஒழுங்காத்தாங்க வந்துக்கினு இருந்திருக்கு. நான்தான் தலையத் தூக்கிப் பாக்கல. டி.சி.யெல்லாம் வேணாங்க.”

மாமா துண்டை எடுத்து மொகத்தை அழுத்தித் தொடைச்சிக்கினாரு. “அன்னிக்கே சொல்லுச்சு மாமா. நான்தான் நம்பல”ன்னு அப்பாகிட்ட சொன்னாரு. அப்பா ஜன்னல்கிட்ட வந்து என்னைப் பாத்தாரு. அவரு கண்ணு கலங்கி இருந்துச்சு, ஆனா சிரிச்சிக்கினு இருந்தாரு.

“நான் கெளம்பறேன் கண்ணு. நீ படி”ன்னாரு.

எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. பக்கத்துல இருந்தவ என் கையைப் புடிச்சிக்கினா, டெஸ்க்குக்கு மேலயே, எல்லாரும் பாக்கப் புடிச்சிக்கினா. அப்பா காலிப் பொட்டியத் தூக்கிக்கினு கேட்டுப் பக்கமா நடந்து போறதைப் பாத்துக்கினே ரெண்டு பேரும் நின்னோம்.

தமிழம்மா உள்ள வந்து நாற்காலியில உக்காந்து ரிஜிஸ்டரை எடுத்தாங்க. என் பேருக்கு நேரா ஒரு கோடு போட்டாங்க. அப்புறம் தலையத் தூக்கி வகுப்பைப் பாத்துக்கினே, “முப்பத்தி ரெண்டு”ன்னாங்க.